மலைநலம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீலகிரி, கோவை, தருமபுரி மலைப்பகுதிகளிலிருந்து வந்தவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: பந்தலூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ஆறு மாதக் கர்ப்பிணி, பணியர் பெண், வயது 21. ஹீமோகுளோபின் 7.8. இரண்டு மாதமாகத் தினம் இரண்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று மாமியாரே சொல்கிறார். "மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பாள்" என்கிறார்கள் மேலே இருப்பவர்கள். யாரை நம்புவது?

ப: முதலில் அந்தப் பெண்ணை நம்புங்கள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தினம் இரண்டு உடம்பில் சேர்ந்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் இரும்பு சேரவில்லை, அல்லது குறைவது இரும்பே இல்லை.

சேராததற்கு உங்கள் பக்கத்தில் முதல் காரணம் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத டீ. மாத்திரையை அதோடு விழுங்குவது, சோறு உண்ட கையோடு ஒரு டம்ளர் குடிப்பது இரண்டுமே தேயிலையின் துவர்ப்பால் இரும்பைக் கட்டிப்போடும். சாயாவை நிறுத்தச் சொல்லாதீர்கள், நடக்காது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். இரவு படுக்கும்போது நெல்லிக்காயோடோ எலுமிச்சைச் சாற்றோடோ போடுவது எளிது. கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. அடுத்தது குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. செருப்பில்லாமல் தோட்டத்தில் நடக்கும் பெண் என்றால், முதல் மூன்று மாதம் தாண்டியிருக்கிறாள் என்பதால் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை கொடுத்தாகிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லையா? சிக்கிள் செல், அதாவது சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரைக் குறைபாடு இருக்கிறதா என்ற பரிசோதனைக்கு அனுப்புங்கள். இந்தியாவில் இந்தக் குறைபாடு முதன்முதலில் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று, ஆண்டு 1952. பணியர், இருளர், குறும்பர் குடிகளில் இதை நினைக்காமல் இரத்தசோகைக்கு வைத்தியம் பார்ப்பது பாதி வைத்தியம்தான்.

துணை சுகாதார நிலையத்தில் செய்வது கரைதிறன் சோதனை. கரைசலில் ஒரு துளி இரத்தத்தை விட்டு, ஐந்து நிமிடம் கழித்து, குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பிடிக்க வேண்டும். கோடு தெரியாத அளவுக்குக் கலங்கியிருந்தால் சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறது. இதில் மூன்று இடத்தில் தவறு நேரும். கலங்கல் வந்தால் "இருக்கிறது" என்பது மட்டுமே தெரியும். சிக்கிள் மரபணு ஒன்று மட்டும் இருந்து நோயில்லாதவரா, நோயே உள்ளவரா என்பது தெரியாது. இரத்தம் மிகக் குறைந்தவரிடமும், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையிடமும், பழைய கரைசலிலும் இருந்தும் இல்லை என்று காட்டும். மூன்றாவது, கலங்கல் வந்த அன்றே "உனக்கு சிக்கிள் நோய்" என்று சொல்லி அனுப்பிவிடுவது. இதுதான் மற்ற இரண்டையும்விடக் கெடுதல். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபோரெசிஸ் சோதனையின் முடிவு வரும்வரை அந்த வார்த்தை வாயில் வரக் கூடாது. கடந்த மூன்று மாதத்துக்குள் இரத்தம் ஏற்றியிருந்தால் அந்த முடிவும் குழப்பும். படிவத்தில் எழுதி அனுப்புங்கள்.

நோய் உறுதியானால் இரும்பை அள்ளிக் கொடுக்காதீர்கள். சிவப்பணு உடைவதால் வரும் சோகை அது. உடைந்த அணுவின் இரும்பு உடம்பிலேயே தங்கும், இரத்தம் ஏற்றினால் இன்னும் சேரும். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்த்துக் குறைவு என்று தெரிந்தால்தான் இரும்பு. ஃபோலிக் அமிலம் 5 மி.கி. தினமும் வேண்டும், பிரசவம் இரத்த வங்கி உள்ள மருத்துவமனையில்தான். ஒரு மரபணு மட்டும் உள்ளவர் என்றால் எல்லோரையும் போல இரும்பு கொடுக்கலாம்.

கே: என் மகனுக்கு நான்கு வயது, 14 கிலோ. சிக்கிள் நோய் என்று உறுதியாகிவிட்டது. மழை பிடித்தால் கை கால் வலி என்று அழுகிறான். இரவில் படுக்கையை நனைக்கிறான் என்பதால் மாலைக்கு மேல் தண்ணீர் கொடுப்பதில்லை. வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? (தேவாலா)

ப: தண்ணீரை நிறுத்தியதை இன்றே மாற்றுங்கள். சிறுநீரைச் செறிவாக்கும் வேலையை இந்த நோயில் சிறுநீரகம் சரியாகச் செய்யாது. அதனால்தான் நனைக்கிறான், அது பழக்கக் குறையோ சோம்பலோ அல்ல. தண்ணீர் குறைந்தால் இரத்தம் சுண்டும், அணுக்கள் அரிவாள் போல வளைந்து சிறு குழாய்களை அடைக்கும், வலி வரும். அவன் எடைக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டருக்குக் குறையக் கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் இன்னும் கூட. இரவில் ஒருமுறை எழுப்பிவிடுங்கள், அடியில் ரப்பர் ஷீட் போடுங்கள். அங்கன்வாடியிலும், பிறகு பள்ளியிலும், தண்ணீர் பாட்டிலும் கேட்டவுடன் கழிப்பறைக்கு விடுவதும் மருந்துச் சீட்டு போலவே முக்கியம்.

உங்கள் ஊரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடாத மழை. குளிர்தான் வலியின் வாசல். நனைந்த சட்டையை உடனே மாற்றி, வெந்நீரில் குளிப்பாட்டுங்கள். வலிக்கும் இடத்தில் ஐஸ் வைக்காதீர்கள். குளிர்ச்சி இன்னும் அடைக்கும். துணியைச் சூடு பண்ணி ஒற்றடம் கொடுக்கலாம்.

வலிக்கு முதலில் பாராசிட்டமால். கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. உங்கள் மகனுக்கு ஒரு வேளைக்கு 200 மி.கி. அளவு. இங்கேதான் வீடுகளில் தவறு நடக்கிறது: 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. முதலாவதில் 8 மி.லி., இரண்டாவதில் 4 மி.லி. பாட்டிலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைத் தொடுபவை. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

அணு வளைவதையே குறைக்கும் மருந்து ஹைட்ராக்சியூரியா. பெரும்பாலும் கிலோவுக்கு 10 முதல் 20 மி.கி.க்குள் தொடங்கி, ஆரம்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து அளவை மாற்றுவார்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். "பத்து நாள் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். காப்ஸ்யூலைப் பிரித்துக் கொடுக்க நேர்ந்தால் கையுறை போடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பொடியை அவர் தொடக் கூடாது. ஐந்து வயது முடியும்வரை பென்சிலின் மாத்திரையும் உண்டு: மூன்று வயதுக்கு மேல் 250 மி.கி., காலை மாலை. நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் தடுப்பூசிகள் முடிந்திருக்கின்றனவா என்று அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கச் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இடது விலா எலும்புக்குக் கீழே, குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது. அது எங்கே முடிகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு. மறுநாள் கோட்டைத் தாண்டிப் பெரிதாகி, பிள்ளை வெளுத்துச் சோர்ந்திருந்தால் இரத்தம் முழுக்க அங்கே தேங்குகிறது என்று பொருள். சில மணி நேரத்தில் உயிர்போகும். அதேபோல 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூச்சுத்திணறலோடு நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுதல், வாய் கோணுதல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒன்று கூடுதலாக: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சிக்கிள் செல் நோயும் பட்டியலில் இருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

கே: எங்கள் குடியில் ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் கல்யாணம் பேசியிருக்கிறோம். இருவருக்கும் சிக்கிள் "பாதி" இருக்கிறதாம். நிறுத்திவிடவா? (கூடலூர்)

ப: பாதி என்று நீங்கள் சொல்வது ஒரு மரபணு மட்டும் உள்ள நிலை. அவர்கள் நோயாளிகள் அல்ல. இருவரும் அப்படி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கும், நான்கில் இரண்டு பங்கு "பாதி" நிலைக்கும், ஒரு பங்கு ஒன்றுமே இல்லாததற்கும் வாய்ப்பு. "ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. தவறு. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படும்.

நிறுத்தச் சொல்வதும் நடத்தச் சொல்வதும் எங்கள் வேலை அல்ல, உங்கள் வேலையும் அல்ல. அந்த இருவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். மணந்தால், கர்ப்பம் தெரிந்த உடனே பதிவுசெய்ய வேண்டும்; 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியின் திசுவை எடுத்துக் கருவுக்கு நோய் உண்டா என்று பார்க்கும் பரிசோதனை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அதைச் செய்வதும் விடுவதும் அவர்கள் முடிவு. ஊர்க்கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். ஆயிரம் பேர்கூட இல்லாத குடியில் "சிக்கிள் வீடு" என்று ஒருமுறை பெயர் விழுந்தால் அடுத்த முகாமுக்கு யாரும் இரத்தம் கொடுக்க வரமாட்டார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தின் இலக்கு 40 வயது வரை ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது. ஊசியைவிட அதற்கு முதலில் வேண்டியது இரகசியம் காக்கும் வாய்.

கே: ஆனைகட்டிப் பக்கம் எங்கள் பதியில் (பழங்குடிக் குடியிருப்பில்) பாம்பு கடித்தால் முதலில் வைத்தியரிடம்தான் போகிறார்கள். அவர் நல்லவர், பலரைப் பிழைக்க வைத்திருக்கிறார். எப்படித் தடுப்பது?

ப: தடுக்காதீர்கள், வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் மந்திரம் சொல்வதும் திருநீறு இடுவதும் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே நடக்கட்டும். பலர் பிழைத்தார்கள் என்பது உண்மையாகவே இருக்கும்: கடிக்கும் பாம்புகளில் பெரும்பகுதி நஞ்சில்லாதவை, நஞ்சுள்ளதும் சில நேரம் நஞ்சை இறக்காமல் கடிக்கும். அந்தக் கணக்கு எல்லாம் வைத்தியர் பெயரில் வரவாகிவிடுகிறது. அவரை ஏமாற்றுக்காரர் என்றால் ஊர் உங்களைத்தான் விலக்கும்.

செய்ய வேண்டியது: மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீங்கினால் பிறகு வெட்டத்தான் வேண்டும். எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலக் குச்சி வைத்துக் கை காலை அசையாமல் கட்டுங்கள், இறுக்கமாக அல்ல. நடக்க விடாதீர்கள். இருசக்கர வண்டி மட்டும்தான் என்றால் கடிபட்டவர் நடுவில், பின்னால் ஒருவர் பிடித்தபடி. கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள். தேங்கிய நஞ்சு ஒரேயடியாகப் பாயும். மருந்து தயாராக இருக்கும் இடத்தில் மருத்துவர் முன்னிலையில் அவிழ்க்க வேண்டும்.

கட்டுவிரியன் தனி ரகம். இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல்தடம் தெரியாது. அதிகாலையில் வயிற்று வலி, பிறகு கண் இமை தொங்கும், விழுங்க முடியாது. "வாயு" என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிடும். மழைக்காலத்தில் காரணமில்லாத அதிகாலை வயிற்று வலியும் இமைத் தொங்கலும் சேர்ந்தால் பாம்பு என்றே நினையுங்கள். கட்டிலும், ஓரத்தைப் பாயடியில் செருகிய கொசுவலையும் இதற்குச் சிறந்த தடுப்பு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிபவர்களுக்கு ஒரு வார்த்தை. இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்குக் கண்ணாடிக் குழாய் வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல இரத்தமும் உறையாது. நஞ்சேறாதவருக்கு மருந்தை ஏற்றிவிடுவீர்கள். இரண்டு மி.லி. இரத்தம், அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். மாற்றுமருந்து முதலில் பத்துக் குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு எடை பார்த்து நஞ்சை இறக்குவதில்லை. ஒவ்வாமைக்கு அட்ரினலினை ஊசியில் எடுத்து வைத்துவிட்டே தொடங்குங்கள்.

அந்தக் குப்பிக்குள் இருப்பதிலும் பழங்குடி அறிவு இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றபின் 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலிருந்தும் நஞ்செடுத்துப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறது. இரண்டு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தத் திறமைக்குத்தான். ஆனால் மருந்து அந்த நான்குக்கு மட்டுமே. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலை, காப்பித் தோட்டங்களில் மூக்கு நுனி தூக்கிய சின்னக் குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் கடிக்கு இது வேலை செய்யாது. வீக்கத்தோடு போய்விடும் என்று அனுப்பிவிடாமல், சில நாள் சிறுநீர் அளவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தக் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் கெட்ட பிறகுதான் பலர் திரும்பி வருகிறார்கள்.

கே: சேர்த்த நோயாளிகள் சொல்லாமல் ஓடிவிடுகிறார்கள். அறியாமைதானே? (அரசு மருத்துவமனைப் பணியாளர்)

ப: கூட வந்தவர் எங்கே படுப்பார், என்ன சாப்பிடுவார், எத்தனை நாள் கூலி போகும், வீட்டில் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று கேட்டீர்களா? இறந்துவிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுபோக வண்டிக்கு யார் பணம் தருவார் என்பது கேட்கப்படாத இன்னொரு பயம். கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகப் பயிற்சி பெற்று வேலை பார்க்கிறார்கள். தன் மொழியில் ஒருவர் பேசினால் கட்டிலில் ஒருநாள் அதிகம் தங்குவார்கள். அது முடியாத இடத்தில், குறைந்தபட்சம் "எத்தனை நாள் ஆகும்" என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கே: எங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ் வர வழியில்லை. தொட்டில் கட்டித்தான் தூக்குகிறோம். "காடு, ரோடு போட முடியாது" என்கிறார்கள். (சத்தியமங்கலம் பக்கம்)

ப: முடியும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, சாலை, மருத்துவமனை, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் உட்பட 13 வசதிகளுக்கு வன நிலத்தைத் தர வழி செய்கிறது. இரண்டு நிபந்தனைகள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

மனு திரும்பி வருவது பெரும்பாலும் கணக்கில் தவறுவதால். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 3.75 மீட்டர் அகலம் கேட்டால் 2.6 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். 3 மீட்டர் என்றால் 3.3 கிலோமீட்டர் வரை போகலாம். ஓரக் கால்வாயையும் அந்த அகலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தவறு கூட்டம். ஊராட்சி முழுமைக்குமான கிராம சபையில் ஒரு வரித் தீர்மானம் போட்டால் போதாது; உங்கள் குடியிருப்பின் சபை கூடி, உறுப்பினரில் பாதிப்பேராவது வந்து கையெழுத்திட வேண்டும். பெண்கள் கையெழுத்து இல்லாத தீர்மானத்தை அனுப்பாதீர்கள். அந்தத் தீர்மானத்தோடு, வேலையைச் செய்யும் துறை வனச்சரகரிடம் படிவம் கொடுக்கும், மாவட்ட வன அலுவலர் அனுமதிப்பார். அவர் மறுத்தால் விஷயம் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். எல்லாப் பிரதிக்கும் தேதி முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். இந்தப் பிரிவு விலக்குவது 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டும்தான் என்பதால், புலிகள் காப்பகத்துக்குள் வேறு தடைகள் எழலாம். சாலை வரும்வரை, பிரசவத் தேதிக்குப் பத்து நாள் முன்பே கர்ப்பிணியைச் சாலையோர ஊருக்கோ, காத்திருப்பு அறையுள்ள சுகாதார நிலையத்துக்கோ கொண்டுவந்துவிடுங்கள்.

கே: களைப்பு போக்கும் ஆரோக்கியப்பச்சை எங்கே கிடைக்கும்? அதைக் கண்டுபிடித்த காணிப் பழங்குடியினருக்குக் காசு வந்ததா?

ப: பச்சைச் செடியைத் தேடிக் காட்டுக்குள் போகாதீர்கள், ஏற்கெனவே பறித்துக் குறைத்துவிட்டார்கள். அகத்தியமலையில் 1987இல் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள் மூச்சு வாங்க, வழிகாட்டிய காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே சளைக்காமல் நடந்தார்கள். அதிலிருந்து கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் தோட்ட நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. அதில் அமுக்கரா, விஷ்ணுகிராந்தி போன்றவையும் சேரும். 1995இல் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம், 2 சதவீத ராயல்டி என்று கைமாறியது; அதில் பாதி காணிகளுக்கு. 1997இல் அறக்கட்டளை பதிவாகி, 1999இல்தான் பணம் போய்ச் சேர்ந்தது. உலகம் முழுக்க உதாரணமாகக் காட்டப்பட்ட ஏற்பாடு இது. ஆனாலும் செடியைப் பயிரிட முனைந்த காணிகளுக்கு வனத்துறையே தடையாக நின்றது, எல்லாக் காணிகளையும் கேட்கவில்லை என்ற மனக்குறையும் இருந்தது. உங்கள் ஊர் மூலிகையைக் கேட்டு யாராவது வந்தால், வன உரிமைச் சட்டம் 3(1)(k) பிரிவில் வரும் பாரம்பரிய அறிவு உரிமையைச் சபையில் முதலில் கோருங்கள், பிறகு காட்டுங்கள். களைப்புக்கு? ஹீமோகுளோபின் பாருங்கள்.

கே: கேழ்வரகு தின்றால் இரத்தம் ஊறுமா? (அரூர்)

ப: எலும்புக்கு நல்லது, இரத்தத்துக்கு அவ்வளவில்லை. 100 கிராமில் கால்சியம் சுமார் 350 மி.கி.; இரும்பு நான்கைந்து மி.கி.தான், அதிலும் கொஞ்சமே சேரும். முளைகட்டி அரைத்தாலும் கூழாகப் புளிக்கவைத்தாலும் சேர்மானம் கூடும். கீரையோ கருவாடோ உடன் இருக்கட்டும். உங்கள் பக்கத்துச் சித்திலிங்கியில் 1993இல் மருத்துவமனையாகத் தொடங்கிய பழங்குடியினர் நல முயற்சி, பின்னர் இயற்கை விவசாயிகள் சங்கம் வரை போனது. மாத்திரையோடு சிறுதானியமும் தட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

கே: பிறந்த குழந்தைக்குக் காட்டுத் தேன் தொட்டு வைக்கலாமா?

ப: ஒரு வயது வரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சிளம் குடலில் முளைத்துத் தசைகளைத் தளரச்செய்யும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. சேனை வைக்கும் வழக்கத்தை விடமுடியாத பாட்டிக்கு, தாயின் சீம்பாலையே விரலில் தொட்டு வைக்கக் கொடுங்கள்.